ட்ரம்மைக் கழுவுமுன் பாருங்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்கான வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியையும் விலையையும் விசாரித்த பலர், வீட்டில் நின்ற பழைய காரையே திருத்தி ஓடுவோம் என்று திரும்பிவிட்டார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் இன்று கராஜ் வேலை பழகப்போகிற ஒரு பிள்ளைக்குப் பழைய வண்டிக்குப் பஞ்சம் வராது. குருநகர்ப் பக்கத்தில் என்றால் பின் பிறேக்குக்கும் பஞ்சம் வராது.

காரணம் கடல். வைகாசி தொடங்கிச் சோளகம் கடனீரேரியைத் தடவிக்கொண்டு நேரே ஊருக்குள் அடிக்கிறது. ஐந்துமாடிக் குடியிருப்பின் கீழே இரவுபகலாய் நிற்கும் கார்களின் பேக் பிளேட்டில் உப்பு படிந்து கிடக்கும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடுகிற வாகனங்களுக்கு இருபுறமும் உப்புத் தண்ணீர். பாசையூர்ச் சந்தையிலிருந்து மீன் ஏற்றும் பட்டா லொறிகளில் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் பின் சில்லுகளின் மேலேயே ஒழுகும். ஹாண்ட் பிறேக் கேபிள், வீல் சிலிண்டர், அட்ஜஸ்டர் மூன்றும் இங்கே கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களைவிட முந்தித் துருப்பிடிக்கின்றன. கொழும்பில் எழுதிய சேர்விஸ் அட்டவணையை இங்கே அப்படியே நம்ப முடியாது.

ட்ரம் பிறேக் பழைய காலத்துச் சாமான், அதைப் பழகி என்ன பயன் என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் விடுங்கள். தெருவில் கண்டபடி ஓடுகிற அல்ரோ, வாகன் ஆர், ரொயோட்டா அக்குவா எல்லாவற்றுக்கும் பின்னால் ட்ரம்தான். வொக்ஸ்வாகன் 2020 இல் விற்கத் தொடங்கிய ஐடி.3 மின்சாரக் காருக்கும் பின்னால் ட்ரம் போட்டார்கள். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைக்க உதவுவதால் பின் பிறேக்குக்கு வேலை குறைவு. சும்மா இருக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய ட்ரம் அவ்வளவு பிடிக்காது. இந்த வேலை உங்கள் காலத்தில் தீரப்போவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பின் பிறேக் வேலையில் புதுப் பையன்கள் கெடுவது ஓரிடத்தில்தான்: சில்லைக் கழற்றி, ட்ரம்மை இழுத்து, உடனே தண்ணீரோ பெற்றோலோ அடித்துக் கழுவி, புது லைனிங்கைப் போட்டுவிடுவது. கழுவினால் சாட்சி போய்விடும். கார் மூன்று மாதத்தில் அதே குறையோடு திரும்பி வரும், காசும் பெயரும் சேர்ந்து போகும்.

முதலில் வாயால் கேளுங்கள். கார்க்காரர் வழக்கமாக இப்படித்தான் சொல்லுவார்: "தம்பி, பிறேக் சரியில்லை, பாரும்." அது போதாது. "ஐயா, கால் கீழ போகுதோ, இல்லாட்டி ஒரு பக்கம் இழுக்குதோ? காலமை முதல் ஓட்டத்திலயோ, சூடான பிறகோ? மழைக்குப் பிறகோ? கடைசியா ஆர் கை வச்சது?" கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் பல தடவை பாதி வேலையை முடித்துத் தரும். போன மாதம் யாரோ ஒயில் மாற்றியிருந்தால், என்ன ஒயில் ஊற்றினார்கள் என்பதில் தொடங்கலாம்.

பிறகு ஜாக்கைத் தொடாமல் பெடலில் காலை வையுங்கள். எஞ்சின் நிறுத்தியபடி ஒருமுறை மிதியுங்கள். பெடல் தரைவரை தாழ்ந்து, அடுத்தடுத்து மிதிக்க மேலே ஏறி, ஏறிய இடத்தில் கல்லுப்போல் நின்றால் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடையில் இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்டர் வேலை. ஏறியபின்னும் காலுக்கடியில் மெத்தென்று அமுங்கினால் லைனில் காற்று. மிதித்துப் பிடித்தபடியே இருக்க, பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது; வெளியே எங்கும் ஈரம் காணாவிட்டால் மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் கப் தேய்ந்து ஒயில் பின்வாங்குகிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் பின் சில்லைக் கழற்றுகிறவர், நோயாளியின் கையைப் பிடிக்காமல் ஊசியைத் தேடுகிறவர்.

அடுத்தது சூடு. காரை ஒரு பத்து நிமிடம் வழக்கம்போல ஓடி வந்து நிறுத்துங்கள். கையைச் சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இரண்டு பின் சில்லும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே ஷூ விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தப் பக்கச் சிலிண்டர் இறுகி, பிறேக்கே பிடிப்பதில்லை. குளிர்ந்த சில்லைப் பலர் கவனிப்பதில்லை. சூடுதான் கண்ணில் படும். உப்புக் காற்றுள்ள எங்கள் ஊரில் குளிர்ந்த சில்லுதான் எனக்கு அதிகம் சந்தேகம்.

இதற்குப் பிறகுதான் தூக்குவது. முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், பின்பக்கத்தைத் தாங்கியில் இருத்துங்கள், ஜாக்கை நம்பிக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். ஹாண்ட் பிறேக்கை விடுவித்தால்தான் ட்ரம் கழலும். பின் சில்லைப் பிடித்து வைத்திருந்ததே அந்த ஹாண்ட் பிறேக்தான் என்பதால் கட்டை இங்கே அலங்காரம் அல்ல.

ட்ரம் வர மறுக்கும். வயதான ட்ரம்மின் விளிம்பில் லைனிங் தேயாத இடம் ஒரு வரம்புபோல எழும்பி நிற்கும். ஷூ அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்காமல் இழுத்தால் ஸ்பிரிங்கும் பின்னும் பிய்ந்து வரும். யப்பான் கார்கள் பலவற்றின் ட்ரம்மில் புரி வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றுக்குள் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறிமாறி இறுக்கினால் ட்ரம் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். துளை இல்லாவிட்டால் நடுமையத்தைச் சுற்றித் துருநீக்கி அடித்து, கொஞ்சம் பொறுத்து, மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். வெடித்த மொறிஸ் மைனர் ட்ரம்முக்கு மாற்றுத் தேடுவது எப்படியென்று வயதான கராஜ்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

ட்ரம் கையில் வந்துவிட்டது. இப்போதுதான் நிற்கவேண்டிய இடம்.

காற்றுக்குழாயை எடுக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துத்தான் நோயைக் காட்டும். புது லைனிங்கின் தூசும் தின்கிற சாமான் அல்ல. முகக்கவசம் போடுங்கள். பார்த்து முடிந்தபின் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சுத்தமாக வேலை செய்கிற முதலாளி இதற்காக உங்களைக் கடியமாட்டார். கடிகிற முதலாளியிடம் கனகாலம் நிற்கவேண்டாம் என்பது என் எண்ணம்.

தூசு காய்ந்து, சாம்பல் நிறத்தில், ட்ரம் முழுக்க ஒரேமாதிரிப் படிந்திருந்தால் நல்லது, தேய்மானம் மட்டுமே. தூசு கருத்துக் களியாக ஒட்டியிருந்தால் எங்கிருந்தோ ஒயில் வருகிறது. எந்த ஒயில் என்பதில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. விரலால் கொஞ்சம் வழித்து மணந்து பாருங்கள். கந்தகம் போல ஒரு கூர்மையான நாற்றம் அடித்தால் அது பின் அக்சிலின் கியர் ஒயில். மணம் பிடிபடாவிட்டால் ஒரு மூடியில் தண்ணீர் எடுத்து அந்தக் களியில் கொஞ்சம் போட்டுக் கலக்குங்கள். பிறேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துபோகும். கியர் ஒயில் பளபளவென்று மேலே மிதக்கும். காசில்லாத சோதனை இது, அரை நிமிடம்.

கியர் ஒயில் என்றால் அக்சில் நுனியிலுள்ள சீல் போய்விட்டது. சீலை மாற்றுமுன் அக்சிலின் மேலிருக்கும் சிறு சுவாசத் துளையைப் பாருங்கள். சேறும் துருவும் அதை அடைத்திருந்தால் ஓடும்போது உள்ளே சூடேறி அழுத்தம் கூடும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் ஒயில் வெளியே தள்ளும். துளையைத் திறக்காமல் சீலை மட்டும் மாற்றுகிறவர் இரண்டாம் தடவையும் அதே சீலை மாற்றுவார். முன்சில்லு இழுக்கிற அல்ரோ மாதிரிக் கார்களில் பின்னால் கியர் ஒயிலே கிடையாது. அங்கே ஈரம் கண்டால் சந்தேகம் நேரே வீல் சிலிண்டரில்.

பிறேக் ஒயில் என்றால் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நுனியில் மெல்ல உயர்த்துங்கள். உள்ளே இலேசான ஈரம் இருந்தால் பதறவேண்டாம். சொட்டி வழிந்தால் கப் முடிந்தது. பிஸ்ரனை எடுத்துச் சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கத்தில் துருக்குழி கண்டால் அதுதான் இந்த ஊரின் கையெழுத்து: பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய தண்ணீர் அடியில் தங்கி இரும்பைத் தின்னும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புதுக் கப் போட்டால் கப்பைத்தான் கிழிக்கும். இலேசான கறை என்றால் நுண்ணிய தாளால் வட்டமாகத் தேய்த்துக் கப் கிற் போடலாம்; நகம் இடறினால் சிலிண்டரையே மாற்றுங்கள். யப்பான், இந்தியக் கார்களுக்கு இது பெரிய செலவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் என்றால் கடைகளில் தேடவேண்டிவரும், ஆனால் மொறிஸ் மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதுச் சிலிண்டர் செய்கிறார்கள். கார்க்காரருக்கு இலண்டனில் ஒரு மருமகன் இல்லாமல் இருக்கமாட்டார்.

ஒயில் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவிக் கொளுத்துகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. மேற்பரப்பு காய்ந்ததுபோலத் தெரியும். லைனிங் துளைகள் நிறைந்தது. சூடேறியவுடன் உள்ளே போன ஒயில் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் ஊறியிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் நனைந்த வீதியில் ஒரு சில்லு முந்தி இறுகி வண்டி பின்பக்கம் வழுக்கும்.

காய்ந்த ட்ரம்மில் பார்க்கவேண்டியவை வேறு. யப்பான் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்க ஷூ பின்பக்க ஷூவைவிடச் சற்றுக் கூடத் தேய்ந்திருப்பது இயல்பு; சுழலும் ட்ரம் அதைத் தன்னோடு இழுத்து அழுத்துவதால் வருவது. ஒரு ஷூ மட்டும் தேயாமல் புதிதாகவே இருந்தால் சிலிண்டரில் ஒரு பிஸ்ரன் அசையவில்லை. லைனிங்கின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷூ வளைந்திருக்கிறது அல்லது பேக் பிளேட்டில் அது உரசி நகரும் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஒட்டிய லைனிங் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பெரும்பாலான கார்களுக்கு ஆயுள் முடிந்தது. றிவிற் அடித்த லைனிங்கில் றிவிற் தலை மேலே வருமுன் எடுத்துவிடவேண்டும். வந்துவிட்டால் அது ட்ரம்மில் உழுத சால் இருக்கும்.

சால் விழுந்த ட்ரம்மை லேத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் ட்ரம்மில் வார்த்திருக்கும் எண்ணை வாசியுங்கள்: 200 மில்லிமீற்றர் ட்ரம் என்றால் பெரும்பாலும் 201 வரைதான். அதற்குமேல் கடைந்தால் சுவர் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் வெடிக்கும். இரண்டு ட்ரம்மையும் ஒரே அளவுக்குக் கடையுங்கள். மிதிக்கும்போது பெடல் காலில் துடிக்கிறது என்று கார்க்காரர் சொல்லியிருந்தால், பின்பக்கத்தில் அதற்குக் காரணம் வட்டம் கெட்ட ட்ரம்தான்; ஹாண்ட் பிறேக்கை மட்டும் மெதுவாக இழுத்து ஓடிப் பார்த்தால் துடிப்பு பின்னாலிருந்தா என்று தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது ஒரு பக்கத்தை முடித்தபிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தக் கொக்கி மேலே என்பதற்கு மறுபக்கம் மாதிரியாக இருக்கும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அட்ஜஸ்டர்கள் இடத்துக்கும் வலத்துக்கும் வேறுவேறு; மாற்றிப் போட்டால் இறுகவேண்டிய இடத்தில் தளரும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்கள் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். துளிப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த அழுத்தத்தில் ஓடும் அந்த எஞ்சின்கள் அதைச் சகித்துக்கொண்டன. அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலை வணங்கலாம், ஆனால் பிறேக்கின் உள்ளே அதே மண்ணெண்ணெயை விடாதீர்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், கிறீஸ், எஞ்சின் ஒயில் எது பட்டாலும் பிறேக்கின் ரப்பர் கப் ஊதிப் பெருத்துவிடும். பெருத்த கப் சிலிண்டரில் இறுகிப் பிறேக் விடாது. சிலிண்டரைக் கழுவப் புதுப் பிறேக் ஒயிலோ ஸ்பிரிட்டோ மட்டும். யாரோ அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலைப் பிறேக் ஒயில் டாங்கியில் ஊற்றியிருந்தால் லைனிலுள்ள அத்தனை ரப்பரையும் மாற்றவேண்டிவரும். அந்தச் செலவைக் கார்க்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போத்தலில் டொட் 3 அல்லது டொட் 4 என்று பார்த்து வாங்குங்கள். புது டொட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதியாது. ஈரம் குடித்தபின் அந்தத் தரத்துக்குக் கேட்பது 140 பாகைதான். டொட் 4 இல் அவை 230, 155. கொதித்தால் குமிழி, குமிழி என்றால் ஆவி, ஆவி என்றால் பெடல் தரையில். திறந்துவைத்த பழைய போத்தலைக் கடற்கரை ஊரில் பாவிக்கவே வேண்டாம். எயார் எடுப்பது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து. பழைய கார்களில் வழக்கமாக இடப்பக்கப் பின்சில்லு. மொறிஸ் மைனரில் மாஸ்ரர் சிலிண்டரைப் பொனற்றுக்குள் தேடி வியர்க்கவேண்டாம், அது சாரதியின் காலடித் தரைக்குக் கீழே. கம்பளத்தை உயர்த்தினால் ஒயில் ஊற்றும் மூடி தெரியும். ஒஸ்ரின் ஏ40 டெவன் வந்தால் இன்னும் வேடிக்கை: முன்பக்கம் ஒயில், பின்பக்கம் கம்பியிழுவை. அங்கே பின்னால் எயார் எடுக்க எதுவுமே இல்லை.

பூட்டியபின் அட்ஜஸ்டர். சில்லு சுழலாமல் இறுகும்வரை திருப்பி, பிறகு தடையில்லாமல் சுழலும்வரை மட்டும் தளர்த்துங்கள். பெடலை நாலைந்து தடவை மிதித்து ஷூக்கள் நடுவில் உட்கார்ந்தபின் மறுபடி பாருங்கள். ஹாண்ட் பிறேக் கேபிளில் கை வைப்பது இதற்குப் பிறகுதான். நெம்பு உயர ஏறுகிறது என்று கேபிளை முதலில் இறுக்குகிற கராஜ்கள் நிறைய. அது ஷூவின் இடைவெளியை மறைக்கும், தானாகச் சரியாகும் அட்ஜஸ்டரையும் வேலை செய்யவிடாமல் கட்டிப்போடும். துருப்பிடித்துத் திரும்பிவராத கேபிளுக்கு ஒயில் விட்டு நாள் கடத்தாதீர்கள், மாற்றுங்கள். வெளிநாடு போகிறவர் காரைக் கடற்கரையோரம் மாதக்கணக்கில் விடுவதென்றால் ஹாண்ட் பிறேக் இழுக்காமல் கியரில் போட்டுக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். இழுத்து விட்டுப்போனால் லைனிங் ட்ரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும்.

இனித் தொழில் பக்கம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: கார்க்காரர் சொன்னது, நீங்கள் கண்டது, காரணம், மாற்றியது. கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்து, "ஐயா, இதில பாருங்கோ, இந்தக் குழியாலதான் ஒயில் வந்தது" என்று காட்டுங்கள். விலையைப் பேரம் பேசுகிறவர்கூட குழியைப் பார்த்தால் குரலைக் குறைப்பார். "லைனிங்கை மட்டும் போடும், சீலைப் பிறகு பாப்பம்" என்பவருக்கு மரியாதையாக இல்லை என்று சொல்லுங்கள். எஞ்சினில் அரைவேலை செய்தால் கார் நடுவழியில் நிற்கும். பிறேக்கில் செய்தால் நிற்காது.

கையில் வேலை இருந்தும் தாளில் ஒன்றும் இல்லாதவர்கள் எங்கள் பக்கம் அதிகம். தேசிய தொழிற் தகைமையில், அதாவது என்.வி.கியூவில், 7 மட்டங்கள் உண்டு; தனித்து நின்று வேலை செய்யக்கூடிய தொழிலாளிக்கு 4 ஆம் மட்டம். பள்ளிக்கூடம் இடையில் விட்டு கராஜில் வளர்ந்தவர்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் செய்முறையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். நீங்கள் எழுதிவைத்த வேலைத் தாள்கள் அங்கே உதவும். முழுநேரமாகப் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மோட்டார் வாகனத்துறை அங்கே உண்டு. வளைகுடாவுக்கோ வேறெங்குமோ போக நினைப்பவரிடம் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

காரைக் கொடுக்குமுன் ஓடிப் பாருங்கள். கராஜ் வாசலை விட்டு வெளியே போகுமுன்பே, நடைவேகத்தில், பெடலும் ஹாண்ட் பிறேக்கும் தனித்தனியே. பிறகு வெறுமையான வீதியில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். புது லைனிங் ட்ரம்மோடு பொருந்தச் சில நூறு கிலோமீற்றர் எடுக்கும்; அதுவரை பிடி சற்றுக் குறைவாக இருக்கும் என்று கார்க்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள். பழைய ஆங்கிலேயக் கார்களில் அட்ஜஸ்டர் தானாக நகராது, ஆகவே பொருந்தியபின் ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். மொறிஸ் மைனரில் ட்ரம் முகத்திலுள்ள துளைக்குள் திருப்புளியை விட்டு ஒரு சொடுக்கு, இரண்டு சொடுக்கு, பத்து நிமிட வேலை. அதற்குக் காசு வாங்கவேண்டாம். திகதியை மட்டும் அந்தக் காரின் வேலைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.